கதவில்லாத வீடு: மனப்பிறழ்வை அறியப் படம் எவ்வளவு உதவும்?

பயிற்சிக் காலத்தில் நான் செய்த ஒரு அசட்டுத்தனத்திலிருந்து தொடங்குகிறேன். காதில் குரல்கள் கேட்பதாகச் சொன்ன ஒருவரிடம் வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து, ஒரு வீடு வரையச் சொன்னேன். வரைந்தார். கூரை இருந்தது, இரண்டு ஜன்னல் இருந்தது, ஜன்னலுக்குக் கம்பிகள்கூட ஒவ்வொன்றாகப் போட்டிருந்தார். கதவைக் காணோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பாடத்தில் படித்தது அப்படியே கண்முன்னால்! கதவில்லாத வீடு என்றால் உலகத்தோடு உறவை அறுத்துக்கொண்ட மனம். ஒரு பத்தி அழகாக எழுதி மூத்தவரிடம் நீட்டினேன். படித்துவிட்டு, "அவரிடம் கேட்டீர்களா?" என்றார். கேட்கவில்லை. திரும்பப் போய்க் கேட்டேன். "கதவு போடப் போனேன் சார், அதுக்குள்ள நேரம் ஆச்சுன்னு தாளை வாங்கிட்டீங்களே" என்றார்.

மனநல மருத்துவத்தில் படம் வரையச் சொல்வது நூறாண்டுப் பழக்கம். அதில் உருப்படியானதும் உண்டு, வெறும் ஜோசியமும் உண்டு. எது எது என்று பிரித்துப் பார்ப்போம்.

முதலில் மனப்பிறழ்வு

சைக்கோசிஸ் என்று மருத்துவர்கள் சொல்வதைத்தான் இங்கே மனப்பிறழ்வு என்கிறேன். அது ஒரு தனி நோயின் பெயர் அல்ல. காய்ச்சல் எப்படிப் பல நோய்களில் வருமோ, அப்படிப் பல நோய்களில் தலைகாட்டும் நிலை அது. யாரும் பேசாதபோது குரல் கேட்பது, இல்லாத ஆள் தெரிவது, என்னைக் கண்காணிக்கிறார்கள் என்ற நம்பிக்கை எத்தனை ஆதாரம் காட்டினாலும் அசையாமல் நிற்பது, பேச்சு ஓர் இடத்தில் தொடங்கி எங்கெங்கோ சிதறிப்போவது ஆகியவை இதன் முக்கிய அறிகுறிகள். இதோடு இன்னொரு வகையும் உண்டு. பேச்சு வற்றிப்போகும், முகத்தில் உணர்ச்சி மங்கும், எதிலும் நாட்டம் இருக்காது. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயில் இந்த இரண்டு வகையும் வரும். இருதுருவ (பைபோலார்) நோயிலும் கடுமையான மனச்சோர்விலும் குரலோ பிறழ்ந்த நம்பிக்கையோ தோன்றலாம். போதைப்பொருள், மூளைத் தொற்று, வயதானவர்களுக்கு வரும் மறதி நோய், கடும் காய்ச்சலோடு வரும் திடீர்க் குழப்பம் ஆகியவையும் இதே அறிகுறிகளைக் கொண்டுவரும்.

எந்த நோய் என்று முடிவு செய்வது பேசிப் பார்த்துத்தான். கூட இருப்பவர்கள் சொல்வது, எத்தனை நாளாக இருக்கிறது, வேலையும் தூக்கமும் எப்படி மாறின, உடல் பரிசோதனையில் என்ன தெரிகிறது ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அறிகுறிகளின் கடுமையை அளக்க, பேட்டியில் தெரிந்ததை வைத்து மதிப்பெண் போடும் அளவுகோல்கள் உண்டு. 1987ல் வந்த 'பேன்ஸ்' என்பதில் 30 கேள்விக்கூறுகள் இருக்கின்றன. உலகம் முழுவதும் பயன்படும் நோய்ப் பகுப்பு நூல்கள் எதிலும், இப்படிப் படம் வரைந்தால் இன்ன நோய் என்ற ஒரு வரிகூடக் கிடையாது.

அப்புறம் எதற்கு வரையச் சொல்கிறார்கள்? காரணம் எளிது. மனப்பிறழ்வில் பேச்சும் அடிபடுவது உண்டு. ஒருவர் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். இன்னொருவருக்கு, கண்ணுக்குக் கண் பார்த்துக் கேள்வி கேட்பதே போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும். மூன்றாமவர் பேசிக்கொண்டே இருப்பார், ஒன்றும் பிடிபடாது. இவர்களுக்கும் நமக்கும் நடுவில் ஒரு தாளை வைத்தால் இரண்டு பேருடைய கண்ணும் தாளுக்குப் போகும். அது ஒன்றே அறையின் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்திவிடும்.

படத்தை அகராதி வைத்துப் படித்த காலம்

1926ல் அமெரிக்க உளவியலாளர் ஃப்ளாரன்ஸ் குட்எனஃப், குழந்தைகளை ஒரு மனிதனை வரையச் சொல்லி அவர்களின் அறிவு வளர்ச்சியை அளக்கும் முறையை வெளியிட்டார். தலை இருக்கிறதா, கழுத்து இருக்கிறதா, விரல் ஐந்தும் இருக்கிறதா என்று 51 கூறுகளுக்குப் புள்ளி. அவர் பார்த்தது திறமையை மட்டும்தான். மனதின் இருட்டு மூலைக்குள் போகவில்லை.

போனவர்கள் பின்னால் வந்தார்கள். மை கொட்டிய அட்டைகளைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்கும் ரோர்ஷாக் சோதனை 1921லேயே வந்திருந்தது. தெளிவில்லாத ஒன்றைக் கொடுத்தால் மனிதன் தன் உள்ளத்தை அதன்மேல் ஏற்றிச் சொல்வான் என்பது அடிப்படை எண்ணம். வெற்றுத் தாளைவிடத் தெளிவில்லாதது ஏது? 1948ல் ஜான் பக் வீடு, மரம், மனிதன் மூன்றையும் வரையச் சொல்லும் சோதனையைக் கொண்டுவந்தார். 1949ல் கேரன் மக்கோவர், மனித உருவத்தை வரையச் சொல்லி ஆளுமையைப் படிக்கும் முறையைப் புத்தகமாக்கினார். பெரிய கண் என்றால் சந்தேக புத்தி, கையை மறைத்தால் குற்ற உணர்வு என்ற மாதிரி, உறுப்புக்கு ஒரு பொருள் சொல்லும் வழக்கம் பரவியது. என் கதவு அந்த வம்சத்தில் வந்ததுதான்.

மனப்பிறழ்வுக்கும் தனியாக ஒரு பட்டியல் உருவானது. உடம்பின் பாகங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடப்பது, சட்டைக்குள் குடல் தெரிவது, தாளின் மூலைமுடுக்கெல்லாம் எழுத்தும் குறியுமாக நிரப்புவது, ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பப் போடுவது, மனிதனும் இயந்திரமும் கலந்த உருவங்கள். பட்டியல் முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். கடுமையான நிலையில் இருப்பவர்கள் இப்படி வரைவது உண்டு. சிக்கல் என்னவென்றால் மற்றவர்களும் வரைகிறார்கள். நான்கைந்து வயதுக் குழந்தை, அம்மாவின் வயிற்றுக்குள் இருக்கும் பாப்பாவை வெளியே தெரிகிற மாதிரி வரையும். அலுத்துப்போன கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர் நோட்டு ஓரத்தில் ஒரே சுருளை முப்பது தடவை போடுவார். ஓவியர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பெரிய கண்ணும் சந்தேகமும்

இந்த அகராதியின் அடித்தளத்தை ஆட்டிய ஒரு சோதனையை நிதானமாகச் சொல்ல வேண்டும். மனநலத் துறைக்கு வருகிற ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே படிக்க வேண்டியது என்பது என் கருத்து.

லோரன் சாப்மன், ஜீன் சாப்மன் என்ற தம்பதி 1967ல் வெளியிட்டது இது. முதலில், சோதனை செய்து பழகிய உளவியலாளர்களிடம் கேட்டார்கள்: சந்தேகப்படும் ஆள் எப்படி வரைவார், தன் ஆண்மையைப் பற்றிக் கவலைப்படுபவர் எப்படி வரைவார், தன் அறிவைப் பற்றி உள்ளுக்குள் பயப்படுபவர் எப்படி வரைவார்? பதில்கள் பெரும்பாலும் ஒத்துப்போயின. சந்தேகக்காரர் கண்ணை வித்தியாசமாகப் போடுவார், ஆண்மைக் கவலைக்காரர் தோளை அகலமாகப் போடுவார், அறிவுக் கவலைக்காரர் தலையைப் பெரிதாகப் போடுவார். அனுபவத்தில் கண்டது என்று அடித்துச் சொன்னார்கள்.

அடுத்து, இந்தச் சோதனையைப் பற்றி ஒன்றுமே தெரியாத கல்லூரி மாணவர்களை அழைத்தார்கள். மனித உருவப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். ஒவ்வொரு படத்தின் அடியிலும் அதை வரைந்தவருக்கு என்ன பிரச்சினை என்று எழுதியிருந்தது. உண்மையில் அந்த வாசகங்களைக் குலுக்கல் போலப் பொருத்தியிருந்தார்கள். எந்தப் படத்துக்கும் எந்தப் பிரச்சினைக்கும் சம்பந்தமே கிடையாது. எல்லாம் பார்த்து முடித்தபின், எந்தப் பிரச்சினை உள்ளவர்கள் எப்படி வரைந்திருந்தார்கள் என்று கேட்டார்கள்.

சந்தேகப்படுபவர்கள் கண்ணை வித்தியாசமாகப் போட்டிருந்தார்கள் என்றார்கள் மாணவர்கள். தோள், தலை எல்லாம் அப்படியே. நிபுணர்கள் அனுபவத்தில் கண்டதாகச் சொன்ன அதே பட்டியல். அவர்கள் பார்த்த படங்களில் அப்படி எந்தத் தொடர்பும் இல்லை. படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்க விட்டபோதும் மயக்கம் தெளியவில்லை.

இது எப்படி நடக்கிறது? சந்தேகம் என்ற சொல்லோடு கண் என்ற சொல் நம் மனதில் ஏற்கெனவே முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது. சந்தேகக் கண் என்று பேச்சிலேயே சொல்கிறோம். அந்த முடிச்சைத்தான் தாளில் பார்க்கிறோம். பொருந்துகிற படம் மனதில் நிற்கும், பொருந்தாத பத்துப் படம் நழுவிவிடும். இருபது வருட அனுபவம் இந்தத் தவறைத் திருத்தாது. அந்த இருபது வருடமும் அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதானே பார்த்தோம்.

அதற்கு முன்பே, 1957ல் கிளிஃபர்ட் ஸ்வென்சன் என்பவர் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, மக்கோவரின் உறுப்புவாரி விளக்கங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆதாரமில்லை என்று எழுதியிருந்தார். 1968ல் மறுபடியும் அலசியபோது ஓரளவு தாக்குப்பிடித்தது ஒன்றுதான்: படத்தின் மொத்தத் தரம். தனித்தனி அடையாளத்தைவிட, முழுப்படம் எவ்வளவு சிதறியிருக்கிறது, எவ்வளவு கோவையாக இருக்கிறது என்பது கொஞ்சமாவது பயன்பட்டது. அந்த மொத்தத் தரத்திலும் வரையும் திறமை பாதி கலந்திருக்கும். பள்ளிக்குப் பின் பென்சிலே பிடிக்காதவருக்கும் தினமும் வரைபவருக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியாது.

கணக்காகவும் ஒருமுறை பார்த்துவிடலாம். மனச்சிதைவு நோய் உலகத்தில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 3000 பேரை வரையச் சொல்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நோய் உள்ளவர்கள் 10 பேர். ஏதோ ஓர் அடையாளம், அந்த 10 பேரில் 7 பேர் படத்தில் இருக்கிறது, மற்றவர்களில் பத்தில் ஒருவர் படத்தில் மட்டுமே இருக்கிறது என்று தாராளமாகவே கற்பனை செய்வோம். இவ்வளவு நல்ல அடையாளம் எதுவும் இல்லை, இருந்தாலும் இருக்கட்டும். 2990 பேரில் பத்தில் ஒரு பங்கு 299. ஆக அடையாளம் உள்ள படங்கள் மொத்தம் 306. அவற்றில் உண்மையான நோயாளியின் படம் 7. நூற்றுக்கு இரண்டு சொச்சம். மீதி 299 பேர் வீணாகப் பயந்துபோவார்கள்.

பூனைப் படங்களின் கதை

படத்தைப் பார்த்தே நோயின் போக்கைச் சொல்லலாம் என்ற நம்பிக்கைக்கு அடிக்கடி காட்டப்படும் சாட்சி லூயிஸ் வெய்ன் வரைந்த பூனைகள். இங்கிலாந்துக்காரர், 1860ல் பிறந்தவர், மனிதர்களைப் போலக் கூத்தடிக்கும் பூனைகளை வரைந்து பெரும் புகழ் பெற்றவர். 1924ல் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1939ல் இறக்கும்வரை மருத்துவமனைகளிலேயே கழித்தார். அவருடைய படங்களை ஒரு வரிசையாக வைத்துக் காட்டுவார்கள். முதலில் கொழுகொழு பூனை, பிறகு முறைக்கும் பூனை, பிறகு மின்சாரம் பாய்ந்தது போன்ற பூனை, கடைசியில் பூனையே இல்லாத வண்ணக் கோல வடிவம். மனம் படிப்படியாகச் சிதைவதைப் பாருங்கள் என்று விளக்கம் வரும். பாடநூல்களிலும் வந்திருக்கிறது.

அந்தப் படங்களில் தேதி இல்லை. வால்டர் மெக்லே என்ற மனநல மருத்துவர் வாங்கிச் சேகரித்து, தன் கருத்துக்கு ஏற்றபடி வரிசைப்படுத்தியவை அவை. மருத்துவமனையில் கழித்த பிந்தைய ஆண்டுகளிலும் வெய்ன் பழைய பாணிக் கொழுகொழு பூனைகளை வரைந்துகொண்டுதான் இருந்தார். அவருடைய அப்பா துணி வியாபாரத்தில் இருந்தவர். அந்தக் கோல வடிவங்கள் துணி வேலைப்பாட்டை நினைவூட்டுகின்றன என்று சொல்பவர்களும் உண்டு. அவருக்கு நோயே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த வரிசை நோயின் வரலாறு அல்ல, வரிசைப்படுத்தியவரின் கருத்து, அவ்வளவுதான்.

இன்னொரு பெயரையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஜெர்மனியின் ஹைடல்பர்க் மருத்துவமனையில் ஹான்ஸ் பிரின்ஸ்ஹார்ன் என்ற மருத்துவர், மனநோயாளிகள் வரைந்த சுமார் 5000 படைப்புகளைத் திரட்டி 1922ல் ஒரு பெரிய நூல் எழுதினார். இந்த ஓவியர் நோயாளியைப் போல வரைகிறார், ஆகவே இவரும் நோயாளி என்று முடிவு கட்டக் கூடாது என அவரே எச்சரித்திருந்தார். நாஜிகள் அதைத்தான் செய்தார்கள். 1937ல் மியூனிக்கில் தொடங்கி ஊர் ஊராகப் போன 'சீர்கெட்ட கலை' கண்காட்சியில், நவீன ஓவியங்களைக் கேவலப்படுத்த இந்தத் தொகுப்பின் படங்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள்.

உறுப்பை விட்டு முழுப்படத்துக்கு

சரி, உருப்படியான பக்கத்துக்கு வருவோம். தனித்தனி அடையாளத்துக்குப் பொருள் தேடாமல், படத்தின் வடிவத்தை மட்டும் அளக்கும் முறைகள் பின்னால் வந்தன. அவற்றில் எனக்குப் பிடித்தது, மரத்திலிருந்து ஆப்பிள் பறிக்கும் ஆளை வரையச் சொல்வது. லிண்டா கேன்ட், கார்மெல்லோ டபோன் என்ற இருவர் இதற்கு 14 அளவுகோல்கள் கொண்ட மதிப்பெண் முறையை 1998ல் நூலாக வெளியிட்டார்கள். 12 அங்குலத்துக்கு 18 அங்குலத் தாள், 12 நிற மார்க்கர் பேனாக்கள், ஒரே ஒரு கட்டளை. ஒவ்வோர் அளவுகோலுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண்.

இதில் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். நிறம் எவ்வளவு பயன்பட்டிருக்கிறது? இலைக்கு இலை நிறமா, ஊதாவா? தாளில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது? ஆளும் மரமும் ஆப்பிளும் ஒன்றோடொன்று தொடர்பாக இருக்கின்றனவா, ஆளுக்கொரு மூலையில் கிடக்கின்றனவா? காரியம் முடிகிறதா, அதாவது ஆப்பிள் எட்டுகிறதா? ஒருவர் ஏணி போட்டிருப்பார். இன்னொருவர் ஆளின் கையை மரம்வரை நீட்டிவிடுவார். வேறொருவர் ஆளை மரத்துக்கு முதுகு காட்டி நிற்க வைத்துவிட்டு ஆப்பிளை அந்தரத்தில் போடுவார். படம் சாய்ந்து கிடக்கிறதா, ஒரே கோடு மேலும் மேலும் போடப்பட்டிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஆப்பிள் எதன் சின்னம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கடும் மனச்சோர்வில் நிறம் குறைந்து படம் சுருங்கும், இருதுருவ நோயின் எழுச்சிக் கட்டத்தில் நிறமும் வேகமும் கூடும், மனச்சிதைவில் பொருள்களுக்கு இடையிலான தொடர்பும் தர்க்கமும் குறையும், மூளைப் பாதிப்பில் சாய்வும் திரும்பத் திரும்பப் போடுவதும் வரும் என்பது அந்த ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு. இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பெண் போட்டால் பெரும்பாலும் நன்றாகவே ஒத்துப்போகிறது. அது பெரிய முன்னேற்றம். ஆனால் ஒத்துப்போவது வேறு, உண்மையாக இருப்பது வேறு. எந்த நோய் என்று பிரித்துக் காட்டுவதில் ஆய்வு முடிவுகள் அப்படியும் இப்படியுமாகவே இருக்கின்றன. இதை நோயைக் கண்டுபிடிக்க வைத்துக்கொள்வதைவிட, ஒரே ஆளின் மாற்றத்தைப் பார்க்க வைத்துக்கொள்வதே நல்லது. சேர்க்கப்பட்ட வாரத்தில் ஒரு படம், ஆறு வாரம் கழித்து ஒன்று. ஆளும் அதே, கையும் அதே என்பதால் வரையும் திறமை என்ற தொல்லை பெரும்பாலும் விலகிவிடுகிறது.

கடிகாரமும் ஐங்கோணமும்

படம் மிக உறுதியாக உதவும் இடம் இதுதான். ஆனால் இங்கே தேடுவது மனதின் ரகசியத்தை அல்ல, மூளையின் கோளாறை.

எழுபது வயதுக்காரர் ஒருவருக்கு மாலையானால் வீட்டுக்குள் சின்னக் குழந்தைகள் ஓடுவது தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் தடவையாக அந்த வயதில் இப்படி வந்தால் மனச்சிதைவை விட வேறு காரணங்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒரு வட்டம் போட்டு, எண்களை எழுதி, 11 மணி 10 நிமிடம் காட்டச் சொல்வார்கள். எண்களெல்லாம் வலப்பக்கமே நெருக்கியடித்து நின்றால், முள் 2ஐக் காட்டாமல் 10 என்ற எண்ணிலேயே போய் ஒட்டிக்கொண்டால், மூளையின் திட்டமிடும் திறனும் இடவுணர்வும் அடிபட்டிருக்கலாம். 1975ல் வந்த சுருக்கமான அறிவுத்திறன் பரிசோதனை ஒன்றில், ஒன்றோடொன்று குறுக்கிடும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். மறதி நோயில் ஒரு வகையான லூயி பாடி நோயில் மனிதர்களும் விலங்குகளும் துல்லியமாகத் தெரியும் மாயக் காட்சிகள் வரும். அந்த நோயில், ஞாபகம் ஓரளவு நன்றாக இருக்கும்போதே இந்த ஐங்கோணம் உடைந்துபோவது வழக்கம். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று கடிகாரம் வரைய முடியாமல், சுயநினைவு வந்து வந்து போகிறபடி இருந்தால் தொற்று, மருந்து, உப்புச்சத்துக் குறைவு என்று உடனே உடலைப் பார்க்க வேண்டும். அது அவசரம்.

இதிலும் வழுக்கி விழ இடமுண்டு. மனச்சிதைவு உள்ளவர்களுக்கே கவனமும் திட்டமிடும் திறனும் குறைவதுண்டு, அவர்களும் கடிகாரத்தில் தடுமாறலாம். ஆகவே நினைவிலிருந்து வரையச் சொன்னபின், ஒரு கடிகாரத்தைக் காட்டிப் பார்த்து வரையவும் சொல்வார்கள். பார்த்து வரையும்போது சரியாக வந்தால் இடவுணர்வு ஓரளவு நன்றாக இருக்கிறது, இடித்தது திட்டமிடுதல் என்று ஊகிக்கலாம். முதலில் ஒன்றைச் சரிபாருங்கள்: மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறாரா? சிரிக்காதீர்கள், கண்ணாடியைப் படுக்கைப் பக்கம் விட்டுவிட்டு வந்தவரின் ஐங்கோணத்தை மூளைப் பாதிப்பு என்று எழுதுவது நடக்கக்கூடியதுதான்.

மருந்தையும் மறக்கக் கூடாது. மனப்பிறழ்வுக்குக் கொடுக்கும் சில மருந்துகள், குறிப்பாகப் பழைய வகை, பார்க்கின்சன் நோய் போன்ற விறைப்பையும் நடுக்கத்தையும் கொண்டுவரும். கோடு நடுங்கும், எழுத்து வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகும். ஹாசெ என்ற ஜெர்மானிய மருத்துவர் இதையே பயன்படுத்தி, கையெழுத்து சுருங்கத் தொடங்கும் இடத்தை வைத்து மருந்தின் அளவை மதிப்பிடப் பார்த்தார். சின்னதாக, தாளின் ஓரத்தில், நடுங்கும் கோட்டில் வரைந்த மனிதனைப் பார்த்து, தாழ்வு மனப்பான்மை என்று எழுதும் முன் மருந்துச் சீட்டைப் பார்த்துவிடுவது நல்லது.

தாளை நடுவில் வைத்துப் பேசுவது

எண்களுக்குள் அடங்காத ஒரு பயன் இருக்கிறது. நான் அதிகம் நம்புவதும் அதைத்தான்.

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இளைஞர் ஒருவர். குரல் கேட்கிறதா என்றால் ஆமாம் என்பார், அதற்கு மேல் ஒன்றும் வராது. அவரிடம், "உங்கள் அறையை மேலேயிருந்து பார்க்கிற மாதிரி வரைய முடியுமா?" என்று கேட்கிறோம். கட்டில், மேசை, கதவு, ஜன்னல். இது அழகுப் படமல்ல, வெறும் கட்டங்கள்தான். வரையத் தெரியாது என்ற கூச்சத்துக்கு இடமில்லை. "குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது? அங்கே ஒரு புள்ளி வையுங்கள்." சுவரின் மேல்பக்கக் காற்றுத் திறப்பில் புள்ளி வைக்கிறார். "இது என்ன, பக்கத்தில் கிறுக்கியிருக்கிறீர்களே?" "துணி. அடைச்சு வச்சிருக்கேன்." "அடைத்தபிறகு?" "கொஞ்சம் கம்மி. ஆனா மோட்டார் ஓடும்போது மறுபடி வரும்." கட்டில் ஏன் அறையின் நடுவில் இருக்கிறது என்று கேட்டால், சுவரோரம் படுத்தால் அவர்கள் பேசுவது இன்னும் கிட்டத்தில் கேட்கிறது என்கிறார். மூன்று வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை என்பதும் அப்போதுதான் தெரிகிறது.

இதில் நாம் எதையும் கண்டுபிடிக்கவில்லை, அவர் சொன்னார். மோட்டார் ஓசை குரலைக் கிளப்புகிறது, துணி அடைப்பது அவருடைய தற்காப்பு, தூக்கம் கெட்டிருக்கிறது என்று மூன்று விஷயங்கள் கையில் இருக்கின்றன. மூன்றும் சிகிச்சைக்கு நேரடியாகப் பயன்படும். கட்டில் அறையின் நடுவில் இருப்பதற்கு அகராதியில் ஒரு பொருள் தேடியிருந்தால் இவற்றில் ஒன்றும் கிடைத்திருக்காது.

பிரின்ஸ்ஹார்ன் தொகுப்பில் ஆகஸ்ட் நட்டரர் என்பவரின் படங்கள் இருக்கின்றன. மின்சாதன வேலை தெரிந்தவர். 1907ல் ஒருநாள் வானத்தில், அரை மணி நேரத்தில் பத்தாயிரம் காட்சிகள் ஓடியதைக் கண்டதாகச் சொன்னார். பின்னால் அவற்றை வரைந்தார். சூனியக்காரியின் தலையே நிலப்பரப்பாகவும் தெரியும் படம் அவற்றில் ஒன்று. கோடுகள் வரைபடம் போல அத்தனை துல்லியம், குளறுபடியே இல்லை. சிதைந்த மனம் சிதைந்த படம்தான் போடும் என்று நினைப்பவர்கள் அதைப் பார்க்க வேண்டும். அவர் என்ன கண்டார் என்று படம் காட்டுகிறது. படத்தை மட்டும் வைத்து அவர் நோயாளி என்று சொல்ல முடியாது. கற்பனைக் கதைக்கு வரைந்த சித்திரம் என்று சொல்லிக் காட்டினால் நம்பிவிடுவோம்.

வரையச் சொல்லும்போது சில சின்ன விஷயங்கள் பெரிதாகிவிடும். எதற்கு என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று நம்புபவரிடம் காரணம் சொல்லாமல் படம் வாங்கிக் கோப்பில் வைத்தால் அவருடைய பயத்தை நாமே உறுதிப்படுத்துகிறோம். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். மறுத்தார் என்பதை அறிகுறிப் பட்டியலில் சேர்ப்பது அநியாயம். வரையும்போதே பார்க்க வேண்டியவை உண்டு: எங்கே தொடங்கினார், எங்கே நிறுத்தினார், எதை அழித்தார், நடுவில் யாருடனாவது பேசினாரா, ஒரு கோட்டுக்கு எவ்வளவு நேரம் எடுத்தார். முடிந்த தாளில் இதெல்லாம் இருக்காது. கத்தியோ கயிறோ படத்தில் வந்தால் அதற்குப் பொருள் ஊகித்துக்கொண்டு உட்காராமல், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, யாரையாவது தாக்கச் சொல்லிக் குரல் சொல்கிறதா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

வீட்டில் இருப்பவர்கள் கேட்பதற்கும் ஒரு வார்த்தை. பையன் எல்லாவற்றையும் கறுப்பிலேயே வரைகிறான், பயமாக இருக்கிறது என்பார்கள். கறுப்புப் பென்சில்தான் கூராக இருந்ததோ என்னவோ. நோட்டை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். தூக்கம் கெட்டிருக்கிறதா, நண்பர்களை விட்டு ஒதுங்குகிறானா, படிப்போ வேலையோ திடீரென்று சரிகிறதா, தனியாகப் பேசுகிறானா, யாரோ துரத்துகிறார்கள் என்கிறானா? இவற்றில் சில சேர்ந்து வந்தால் மனநல மருத்துவரிடம் போகத் தாமதிக்காதீர்கள், அவன் வரைவது பூவும் பட்டாம்பூச்சியுமாக இருந்தாலும் சரி. அவன் படத்தைப் படமெடுத்துக் குழுக்களில் போட்டு, இதற்கு என்ன அர்த்தம் என்று மட்டும் கேட்காதீர்கள். பதில் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள்.

அந்தக் கதவில்லாத வீட்டுக்கு நான் எழுதிய பத்தியை மூத்தவர் கிழிக்கச் சொல்லவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டு, கீழே திருத்தி எழுதச் சொன்னார். கடைசியில் கோப்புக்குள் போன வரி இது: "வீடு வரைந்தார். ஜன்னல் கம்பிகளுக்கே நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டார். கதவு இல்லை, நேரம் போதவில்லை என்கிறார். மீண்டும் தாள் கொடுத்ததும் கதவைப் போட்டார், திறந்த கதவு."